மூர் மார்க்கெட் இருந்த இடம்

தென் ஜில்லாக்காரர் ஒருவர் முதன்முதலாகப் பட்டணம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், திண்ணையில் கூடியவர்கள் அவரை மூன்று கேள்விகள் கேட்பது ஒரு காலத்து வழக்கம். சமுத்திரத்தைப் பார்த்தாயா? செத்த காலேஜும் உயிர்க் காலேஜும் பார்த்தாயா? மூர் மார்க்கெட்டுக்குப் போனாயா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் சொன்னவர் பட்டணமே போகவில்லை என்று தீர்மானித்துவிடுவார்கள்.

சமுத்திரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. செத்த காலேஜ் எனப்பட்ட எழும்பூர் மியூஸியமும் இருக்கிறது. உயிர்க் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. 1985-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் சிங்கமும் புலியும் அங்கே விசாலமான காட்டில் சௌக்கியமாக உலாவுகின்றன. மூர் மார்க்கெட் மட்டும் எங்கேயும் இல்லை. அது இருந்த இடத்தில் புறநகர் ரயில்கள் வந்து நின்று, ஆயிரக்கணக்கான ஜனங்களை இறக்கிவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்த நிலையத்துக்கு ரயில்வேக்காரர்கள் இட்ட பெயர் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்பது. பெயரைத் தாங்கிய கட்டடம் போயிற்று. பெயர் மட்டும் வண்டி ஏறிக் கும்மிடிப்பூண்டி வரையிலும் அரக்கோணம் வரையிலும் தினந்தோறும் போய் வருகிறது.

ஒரு நகரத்தின் நடுவிலே நின்ற வியாபாரக் கட்டடம் எப்படி எழுந்தது, எப்படி வாழ்ந்தது, எப்படி இல்லாமற் போயிற்று என்பதை வாசகர்களுக்குச் சொல்லுவது நமது நோக்கம். பழைய பெருமையைப் பேசி ஒரு பெருமூச்சு விடுவதற்காக மட்டும் இதை நாம் எழுதவில்லை. கட்டடங்கள் விபத்தினால் அழிகின்றனவா, விபத்துக்குப் பிறகு நாம் செய்யும் தீர்மானத்தினால் அழிகின்றனவா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்வி சென்னைக்கு மட்டும் உரியதன்று.

பாபம் துரையின் சந்தை

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஸ்டீபன் பாபம் என்ற ஆங்கிலேய வக்கீல் ஒருவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். கறுப்பர் பட்டணம் என்று அக்காலத்தில் வெள்ளைக்காரர்கள் அழைத்த ஜார்ஜ் டவுனில், மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தைச் சீர்ப்படுத்தி, அகலமான வீதி ஒன்றை அவர் உண்டாக்கினார். அதுவே பிராட்வே; பிற்காலத்தில் ஆந்திர கேசரி பிரகாசம் அவர்களின் பெயரைப் பெற்ற பிரகாசம் சாலை. அங்கே பாபம் பெயரால் ஒரு சந்தையும் நடந்துவந்தது.

ஊர் வளர வளரச் சந்தை வளர வேண்டும் அல்லவா? சந்தை வளர்ந்தது; இடம் வளரவில்லை. இறைச்சியும் மீனும் காய்கறியும் ஒரே நெரிசலில் விற்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் அந்தச் சந்தை சுகாதாரத்துக்குப் பொருந்தாது என்று முனிசிபல் கார்ப்பரேஷனார் முடிவு செய்தார்கள். வியாபாரிகளை வெறுமனே விரட்டிவிடுவதால் பயனில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, புதிதாக ஒரு மார்க்கெட்டையே கட்டிவிடுவதென்று தீர்மானம் ஆயிற்று.

அதற்குக் கிடைத்த இடம் சென்டிரல் ஸ்டேஷனை அடுத்திருந்த பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் ஸர் சார்லஸ் டிரெவெல்யன் 1859-ஐ ஒட்டிய காலத்தில் பொது ஜனங்களுக்காக உண்டாக்கிய தோட்டம் அது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. குளங்கள், மர நிழல், மிருகக்காட்சிசாலை எல்லாம் உண்டு. வருஷக் கடைசியில் பெரிய கண்காட்சியும் அங்கே கூடும்.

அந்தத் தோட்டத்துக்கு நெருப்பு புதிதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1886-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, புது வருஷத்தை எதிர்பார்த்துக் கூடியிருந்த கண்காட்சிக் கூட்டத்தில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகைகளும், நெருக்கியடித்த ஜனத்திரளும், தப்ப வழியின்மையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. அந்தத் தோட்டத்திலே பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு மார்க்கெட்டின் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது.

சிவப்புக் கட்டடம்

1898-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்தக் கல்லை நாட்டியவர் கார்ப்பரேஷன் தலைவர் ஸர் ஜார்ஜ் மூர். அவர் பெயரே கட்டடத்துக்கும் அமைந்தது. வரைபடம் தயாரித்தவர் ஆர்.ஈ. எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர். கட்டிக் கொடுத்தவர் ஏ. சுப்பிரமணிய ஐயர் என்ற நம் நாட்டுக் காண்டிராக்டர். 1900-ம் வருஷம் நவம்பர் மாதம் கவர்னர் ஸர் ஆர்தர் ஹாவ்லக் திறந்துவைத்தார்.

இந்திய, முஸ்லிம், ஐரோப்பியச் சிற்ப முறைகள் மூன்றும் கலந்த 'இந்தோ-சாரசெனிக்' பாணியில் எழுந்த சிவப்பு நிறக் கட்டடம் அது. சதுரமாகச் சுற்றி வரும் அமைப்பு. வெயில் உள்ளே புகாதபடி வளைவு வளைவாக அமைந்த தாழ்வாரங்கள். அந்த வட்டாரத்தில் அதற்கு நல்ல சகவாசமும் இருந்தது. ஒரு பக்கம் 1873-ல் திறந்த சென்டிரல் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் சிஸ்ஹோம் துரை வரைந்த விக்டோரியா பொது மண்டபம். பதின்மூன்று வருஷங்களுக்குப் பின்னர் 1913-ல் வெள்ளை மாளிகையாக எழுந்த ரிப்பன் கட்டடம். ரயிலை விட்டு இறங்கிய வெளியூர்க்காரர் கண்ணில் முதலில் படும் சென்னை இதுதான். ஓர் ஊரின் வாசலில் போட்ட கோலம்போல் இந்தக் கட்டடங்கள் விளங்கின என்றால் மிகையாகாது.

பேரமும் புத்தகமும்

மார்க்கெட் கட்டியது இறைச்சி, மீன், காய்கறி முதலியவற்றுக்காக. ஆனால் கார்ப்பரேஷன் ஒன்று நினைத்தால் ஜனங்கள் வேறொன்று செய்கிறார்கள். நாளடைவில் அங்கே விற்காத பண்டம் இல்லை என்றாயிற்று. பித்தளைச் சாமான்கள், விளையாட்டுப் பொம்மைகள், பழைய கடிகாரங்கள், கிராமபோன் தட்டுகள், கிளி, புறா, முயல், வண்ண மீன் என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகும். 'அம்மா அப்பாவைத் தவிர மற்றதெல்லாம் மூர் மார்க்கெட்டில் கிடைக்கும்' என்று ஊரில் ஒரு வசனமே வழங்கியது.

பேரம் பேசுவது அங்கே ஒரு கலை. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு மயக்கம் போடாதிருப்பது முதற்பாடம். கால் பங்குக்குக் கேட்பது இரண்டாம் பாடம். 'வேண்டாம்' என்று நாலடி நடந்து, கூப்பிடும் குரலுக்குத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது மூன்றாம் பாடம். மூன்றிலும் தேறியவர்கள்கூட வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்த பிறகு அசடு வழிந்ததுண்டு. ஏமாந்த கதையைச் சொல்வதிலும் அந்தக் காலத்துப் பட்டணத்தார்க்கு ஒரு பெருமை இருந்தது.

ஆயினும் மூர் மார்க்கெட்டைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பிரஸித்தமாக்கியவை பழைய புத்தகக் கடைகளே. துரைமார் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன புத்தகங்கள், காலமான பண்டிதர்களின் அலமாரிகளிலிருந்து வந்தவை, பரீட்சை முடிந்த கையோடு மாணவர்கள் விற்றவை எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். முதல் பக்கத்தில் ஒருவர் கையெழுத்து. அதற்குக் கீழே இன்னொருவர் கையெழுத்து. மூன்றாவதாக எழுதக் கொஞ்சம் இடமும் பாக்கி இருக்கும். புதுப் புத்தகம் வாங்கப் பணமில்லாத பையன் ஒருவன், யாரோ பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்த பாடத்தைப் படித்தே பட்டம் பெற்றுவிடலாம். ஆராய்ச்சிக்காரர்களுக்கோ எங்கும் அகப்படாத பதிப்பு அங்கே அகப்படும். காசில்லாதவனுக்கும் கல்வி கிடைக்கும்படி செய்த அந்தக் கடைகளைப் பணம் கட்டாத சர்வகலாசாலை என்று சொன்னால் தவறில்லை.

1985, மே 30

சென்னை பெருகியது. புறநகர் ரயில்களில் வேலைக்கு வந்து போகிறவர்கள் பெருகினார்கள். சென்டிரல் ஸ்டேஷனுக்கு இடம் போதவில்லை. பக்கத்தில் கிடைக்கக்கூடிய இடம் மூர் மார்க்கெட் நின்ற இடந்தான். ரயில்வேயார் அதைக் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அன்றாடம் தொங்கிக்கொண்டு பிரயாணம் செய்யும் ஜனங்களுக்கு ஒரு நிலையம் வேண்டியதுதான். வியாபாரிகள் இடம் பெயரத் தயங்கியதிலும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பாட்டன் காலத்து வாடிக்கையை மூட்டை கட்டி வேறிடம் கொண்டுபோக யாரால் முடியும்? இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நின்றால் அவற்றைத் தராசில் வைத்துப் பகிரங்கமாக நிறுத்துப் பார்ப்பதே நாகரிக சமூகத்தின் வழக்கம்.

அதற்கு இடமில்லாமல் போயிற்று. 1985-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி மூர் மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. நெருக்கமான கடைகள், மரத் தட்டுகள், காகிதம், துணி. கத்திரி வெயிலில் காய்ந்து கிடந்த அந்தச் சரக்கெல்லாம் நெருப்புக்கு உணவாயின. எண்பத்துநாலு வருஷங்கள் நின்ற கட்டடம் கருகிய சுவர்களாயிற்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த புத்தகங்கள் சாம்பலாயின. அவற்றில் எத்தனை நூல்களுக்கு அதுவே கடைசிப் பிரதியோ, கணக்கெடுத்தவர் யாரும் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்த தீயா, சதியா என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. சதி என்று நிரூபணம் ஆகவில்லை. வதந்தியைச் சரித்திரமாக்க நமக்கு விருப்பமும் இல்லை. நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டியிருந்த வழக்கை நெருப்பு தீர்த்துவைத்தது. எஞ்சிய சுவர்கள் அகற்றப்பட்டன. ரயில் நிலையம் எழுந்தது. பக்கத்திலிருந்த அல்லிக்குளத்தைத் தூர்த்து, அதன் மேல் கட்டிய வணிக வளாகத்தில் வியாபாரிகளுக்குக் கடைகள் கொடுத்தார்கள். கடை கிடைத்தது, பழைய கூட்டம் கிடைக்கவில்லை. ஆக, ஒரு கட்டடத்தோடு ஒரு குளமும் போயிற்று. புதிய நிலையத்தின் வளாகத்தில் மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றை நிறுத்தினார்கள். அவசரமாக ரயிலுக்கு ஓடுகிறவர்களில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் சொற்பம்.

கல்கத்தாவில் நடந்தது

நெருப்புப் பிடித்தால் வேறென்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குக் கல்கத்தா பதில் சொல்லுகிறது.

மூர் மார்க்கெட்டுக்கு மூத்த சகோதரன் என்று சொல்லத்தக்க ஒரு மார்க்கெட் அங்கே உண்டு. 1874-ல் திறந்தது. அதுவும் முனிசிபல் தலைவர் ஒருவரின் பெயரை, ஸர் ஸ்டூவர்ட் ஹாக் என்பவரின் பெயரை, தாங்கியது; ஜனங்கள் 'நியூ மார்க்கெட்' என்றே அழைக்கிறார்கள். அதுவும் சிவப்புக் கட்டடம். அங்கேயும் கிடைக்காத பண்டம் இல்லை. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: அதே 1985-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி அதுவும் தீப்பற்றியது. மார்க்கெட்டின் ஒரு பகுதி எரிந்து போயிற்று. ஆனால் கல்கத்தாவார் இடத்தைக் கைவிடவில்லை. எரிந்த பகுதியில் புதிய கட்டடம் எழுந்தது. எஞ்சிய பழைய பகுதியும் கடிகாரக் கோபுரமும் நிலைத்தன. இன்றும் துர்க்கா பூஜைக்குத் துணி வாங்குகிறவர்கள் அங்கே மொய்க்கிறார்கள். கல்கத்தாவில் முழுவதும் எரியவில்லை என்பது உண்மையே. இருந்தாலும், எஞ்சியதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற மனமும், மார்க்கெட் மார்க்கெட்டாகவே இருக்கட்டும் என்ற உறுதியும் இருந்தபடியால் அல்லவா அது நிற்கிறது!

பூமி அதிர்ந்த ஊர்

விபத்துக்குப் பின் எதையும் இடிக்கவே கூடாது என்பதும் நமது கட்சி அன்று. அதற்கும் ஓர் உதாரணம் கடல் கடந்து இருக்கிறது.

நியூஜீலந்தில் கிரைஸ்ட்சர்ச் என்று ஒரு நகரம். அதன் நடுவிலே இரண்டு பெரிய வீதிகள் கூடும் முனையில், 1905-06-ல் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனிக்காக லட்ரெல் சகோதரர்கள் என்ற சிற்பிகள் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரத்து உயர்ந்த கட்டடங்களைப் பார்த்து வரைந்தது அது. அந்தக் காலத்தில் அவ்வூரின் வியாபாரக் கட்டடங்களில் அதுவே உயரமானது. பின்னாளில் 'மான்செஸ்டர் கோர்ட்ஸ்' என்று பெயர் பெற்றது. பாதுகாக்க வேண்டிய புராதனக் கட்டடங்களின் முதல் வகையில் அதைச் சேர்த்திருந்தார்கள்.

2010-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி விடியற்காலையில் 7.1 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது. கட்டடம் விழவில்லை, ஆனால் பலமாகக் காயப்பட்டது. விழுந்தால் தெருவில் போகிறவர்கள் மேல் விழும் என்பதற்காக, சுற்றியுள்ள வீதிகளை மூடினார்கள். டிராம் வண்டி தடைப்பட்டது. அக்கம்பக்கத்துக் கடைகள் வியாபாரமின்றித் தவித்தன. காப்பாற்றுவதா, இடிப்பதா என்ற விவாதம் நடந்தது. இடிப்பதென்று முடிவாகி, 2011-ன் தொடக்கத்துக்குள் வேலை நடந்தேறியது.

அந்தப் பிப்ரவரி மாதம் 22-ந் தேதி, பகல் வேளையில், நகரத்துக்கு வெகு சமீபத்தில் மற்றொரு பூகம்பம். அளவில் முன்னதைவிடக் குறைந்தது, 6.3 தான். ஆனால் 185 பேர் மாண்டார்கள். முன்பே காயப்பட்ட ஏழு மாடிக் கட்டடம் ஒன்று அன்று ஜன நடமாட்டமுள்ள முனையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. உயிருக்கு அபாயம் என்றால் எவ்வளவு அழகான கட்டடமானாலும் போகத்தான் வேண்டும். அபாயத்துக்காக இடிப்பது வேறு. சௌகரியத்துக்காக இடிப்பது வேறு. இரண்டாவதற்கு முதலாவதின் வேஷத்தைப் போட்டு அனுப்பும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

சென்னை கற்ற பாடம்

சென்னை ஒன்றுமே கற்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. மவுண்ட் ரோட்டில் 1897-ல் ஸ்மித் துரையின் மருந்துக் கம்பெனிக்காக எழுந்து, பிறகு பாரத் இன்ஷ்யூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்ற மாளிகையை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். புராதனச் சின்னங்களில் அபிமானமுள்ளவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். பாதி இடிபட்ட நிலையில் வேலை நின்றது. 2010-ல் கட்டடத்தைக் காக்கும்படி தீர்ப்பும் வந்தது.

2012-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சேப்பாக்கம் அரண்மனையைச் சேர்ந்த கலச மஹால் தீப்பற்றியது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் நீத்தார். கூரை போன அந்தச் சுவர்களை இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடி எழுப்புவது சுலபமான காரியமாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல் அரசாங்கத்தார் பழைய மாதிரியே அதைப் புதுப்பித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் அதில் குடியேறியது. மூர் மார்க்கெட்டுக்குக் கிடைக்காத மறுபிறவி கலச மஹாலுக்குக் கிடைத்தது.

நம் வாசலில்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வாசகர்களுக்கு நெருப்பைப் பற்றி நாம் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடி விபத்தில் பத்தொன்பதுக்குக் குறையாத உயிர்கள் போயின. ஒரு கொட்டகைக்கும் மறு கொட்டகைக்கும் இடையே வெற்றிடம் விட வேண்டும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது என்றெல்லாம் பட்டாசு ஆலைகளுக்கு விதி வகுத்திருப்பது, ஓரிடத்து நெருப்பு மற்றோரிடத்துக்குத் தாவாமல் இருப்பதற்காகவே. விதி எழுத்தில் இருந்து நடப்பில் இல்லையானால் என்ன ஆகும் என்பதை அந்த ஊர்ச் சுடுகாடுகள் அறியும்.

பட்டாசு ஆலைக்குப் பொருந்தும் அந்த நியாயம் கடைவீதிக்கும் பொருந்தும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சேர்ந்த வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி இரவு கடைகளில் தீப்பற்றியது. கல்லுக்கு நெருப்பு என்ன செய்யும் என்று நாம் எண்ணியிருந்தோம். கல்லும் சூட்டில் வெடித்துக் கூரை சரிந்தது. நாயக்கர் காலத்து மண்டபத்துக்கே அந்தக் கதியென்றால், மரச் சட்டமும் தகரமும் சேர்த்த நம் ஊர் மார்க்கெட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஆகவே, வீட்டுக்கு வீடு பேசத்தக்க மூன்று விஷயங்களைச் சொல்லுகிறோம். நம் ஊர்ப் பழைய கடைவீதியிலும் சந்தையிலும் நடை வழிகளைச் சரக்கு மறைத்திருக்கிறதா, மின்சாரக் கம்பிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முனிசிபாலிட்டியாரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்க வேண்டும். அந்தக் கட்டடங்களின் வரைபடமும் படங்களும் இன்றே எடுத்துவைக்கப்பட வேண்டும். இல்லாத கட்டடத்தை நினைவிலிருந்து யாரும் திருப்பிக் கட்ட முடியாது. கடைசியாக, ஓரிடத்தை வேறொரு காரியத்துக்கு எடுக்க வேண்டுமானால், அந்த வழக்கு விபத்துக்கு முன்பே பகிரங்கமாகப் பேசி முடிக்கப்பட வேண்டும். வியாபாரிக்கு மாற்று இடமும் முன்பே தயாராக வேண்டும். தமிழ்நாட்டில் புராதனக் கட்டடங்களுக்கென 2012-ல் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன்படி ஆணையம் அமைவதற்கு 2024 ஆயிற்று. சட்டம் பன்னிரண்டு வருஷம் காத்திருக்கலாம். நெருப்பும் பூகம்பமும் அவ்வளவு பொறுமையுள்ளவை அல்ல.